பனிச்சாலையின் பின்பக்கம்

படத்தின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே போன பல் டாக்டரின் விரல் ஓரிடத்தில் தட்டி நின்றது. மற்ற இடமெல்லாம் வெங்காயச் சருகுபோல மெல்லிசாக இருந்த காகிதம் அங்கே மட்டும் தடித்திருந்தது. தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம். யாரோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒரு ஒட்டு என்றால் பரவாயில்லை, ஒட்டின்மேல் ஒட்டாகப் போட்டு அந்த இடத்தை அட்டை மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள்.

நோயாளியின் வாய்க்கு மேலே வளைத்துப் பிடிக்கிற விளக்கைப் போட்டு, படத்தை அதன் முன்னால் தூக்கிப் பார்த்தார். காகிதம் முழுக்க வெளிச்சம் ஊடுருவியது. அந்தச் சதுரத்தில் மட்டும் இருட்டு. முன்பக்கம் திருப்பினார். பனி கொட்டி மூடிய ஒரு சாலை, இரண்டு பக்கமும் நெடுநெடுவென்று மரங்கள், தூரத்தில் ஒரு மரப்பாலம், அதற்கும் அப்பால் சாம்பல் நீலத்தில் கரைந்துபோகிற மலை. சாலையில் ஒரே ஒரு ஆள். வைக்கோலில் பின்னிய மழையங்கியும் அகலத் தொப்பியுமாக, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மலையைப் பார்க்க நடந்து போகிறான். அவனுக்கு நேர் பின்னால்தான், அவன் அளவுக்கே வெட்டியதுபோல, அந்த ஒட்டு இருந்தது.

பல் டாக்டருக்கு இந்தப் பைத்தியம் பிடித்துப் பல வருஷமாகிறது. பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்குச் சாயங்காலமானால் கொஞ்சம் தூரத்தைப் பார்க்க வேண்டும்போலத் தோன்றுவதில் தப்பில்லை. அவர் பார்த்த தூரமெல்லாம் காகிதத்தில் இருந்தது. ஜப்பான்காரர்கள் அந்தக் காலத்தில் மரப்பலகையில் செதுக்கி, நிறத்துக்கு ஒரு பலகையாகச் சாயம் தடவி, மேலே காகிதத்தை வைத்துத் தேய்த்தெடுத்த காட்சிகள்: மழை, ஆறு, படகுத்துறை, மலை, மறுபடியும் மலை. கீழே கிளினிக், மேலே வீடு. மேலே ஓர் அறை முழுக்க அவருடைய இழுப்பறைகள். மருந்துக்கடை வைத்திருக்கிற மனைவி, குடிக்காத, சீட்டாடாத புருஷனுக்கு இந்தக் கிறுக்காவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். "எங்க வீட்ல மனுஷங்க மூணே பேருதான். மலைங்கதான் எண்ணி மாளாது," என்று வருகிறவர்களிடம் சொல்வாள்.

அந்த மூன்றாவது ஆள் வாண்டு. கல்யாணமாகி நெடுங்காலம் கழித்து, இனி இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்து பிறந்தவள். டாக்டர் உயிரையே அவள்மேல் வைத்திருந்தார். இழுப்பறைகளைத் திறக்க அவரைத் தவிர உரிமையுள்ள ஒரே ஆள் அவள்தான். புதுப் படம் வந்த அன்றைக்கே கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, மேஜை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இந்த மாமா எங்கப்பா போறாரு?"

"வீட்டுக்கு."

"யாரு வீட்டுக்கு?"

"அவரு வீட்டுக்குத்தான். வேற யாரு வீட்டுக்குப் போவாரு?"

"மூஞ்சியே தெரியலையே," என்று வாண்டு குறைப்பட்டுக்கொண்டாள்.

சேகரிப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். முன்பக்கத்தின் நிறங்களை வெளிச்சம் தின்றுவிடும். நல்ல அச்சு என்றால் அழுத்தித் தேய்த்ததில் சாயம் காகிதத்துக்குள் இறங்கிப் பின்னாலும் கசிந்திருக்கும். அங்கே நீலம் நீலமாகவே இருக்கும். பின்பக்கத்தை ஒட்டி மறைத்த படம் என்றால் மூக்கைச் சுளிப்பார்கள். டாக்டரும் சுளித்தார். விற்றவருக்குப் போன் போட்டார்.

"பின்னாடி ஒட்டு இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே."

"சொன்னா நீங்க வாங்கியிருக்க மாட்டீங்களே டாக்டர்," என்று படக்கடைக்காரர் சிரித்தார். "என் கைக்கு வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு. ஏதோ கிழிசலா இருக்கும். விடுங்க, முன்னாடி எவ்ளோ அழகா இருக்கு பாருங்க."

விட முடிந்தால் அவர் ஏன் சேகரிப்பாளராகிறார்? அடுத்த விடுமுறை நாளில், கிளினிக்கின் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெதுவெதுப்பான தண்ணீரைப் பஞ்சில் தொட்டு, ஒட்டின் விளிம்பில் சொட்டுச் சொட்டாக வைத்து, ஊறியதும் மெல்லிய தகட்டுக் கருவியால் நெம்பி எடுத்தார். பல்லிடுக்கில் காரை சுரண்டிப் பழகிய கை. மேலாக இருந்தது பழுப்பு நிற அட்டைக் காகிதம். அதன் கீழே, அவருக்குத் தெரியாத எழுத்தில் அச்சான செய்தித்தாள் துண்டு. அதன் கீழே, யாரோ ஒரு குழந்தையின் கட்டம் போட்ட கணக்குத்தாள். அதற்கும் கீழே வழவழப்பான காகிதம், பிறகு துணி, கடைசியில் படத்தைப் போலவே பழைய மெல்லிய காகிதம். பசையும் ஒன்றல்ல. ஒன்று மாவுப்பசை, ஒன்று கோந்து, ஒன்று மீன் நாற்றமடிக்கிற ஏதோ ஒன்று. வேறு வேறு ஆட்கள், வேறு வேறு காலங்களில், முந்தின ஒட்டு கொஞ்சமும் பிய்ந்துபோகாமல் இருக்கும்போதே அதன்மேல் தங்கள் பங்குக்கு ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள்.

இது என்ன பழக்கம் என்று நினைத்தபடி கடைசித் தாளையும் உரித்தார். கீழே கிழிசல் இல்லை. ஓட்டை இல்லை. பூச்சி அரித்த தடம்கூட இல்லை.

ஒரு முகம் இருந்தது.

சாயம் கசிந்து வந்திருந்தால், முன்னால் தெரிகிற தொப்பியும் அங்கியும்தான் இடவலமாக மாறித் தெரிய வேண்டும். இங்கே தொப்பியின் முன்விளிம்பு தெரிந்தது. அதன் நிழலில் இரண்டு கண்கள், மூடிய வாய், மார்புக்குக் குறுக்கே அங்கியைப் பிடித்திருக்கிற ஒரு கை. முன்பக்கம் முதுகைக் காட்டி நடக்கிறவன், காகிதத்தின் பின்பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டருக்குப் பயம் வந்தது உண்மை. ஆனால் அதன் காலை மிதித்துக்கொண்டு பேராசையும் வந்துவிட்டது. இப்படி ஒன்றை அவர் படித்த எந்தப் புத்தகமும் சொன்னதில்லை. உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும், அதுவும் தன்னிடம். இழுப்பறையில் இருட்டில் கிடத்த வேண்டிய படத்தை, இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட சட்டத்தில் மாட்டச் சொன்னார். வருகிறவர்களுக்கு எடுத்துத் திருப்பிக் காட்டலாமே. சட்டம் வந்ததும் தன் அறையின் சுவரில், ஜன்னல் வெளிச்சம் படாத பக்கமாகப் பார்த்து ஆணி அடித்தார்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வாண்டுவின் அறை. உருண்டு விழுந்துவிடக்கூடாது என்று அவள் கட்டிலை அதே சுவரோடு ஒட்டிப் போட்டிருந்ததும் அவர்தான்.

"என் சுவரு சில்லுனு இருக்குப்பா," என்றாள் வாண்டு, பல் தேய்க்கும்போது, வாய் நிறைய நுரையோடு.

"மழைக்காலம்ல கண்ணு, அப்படித்தான் இருக்கும்."

"உள்ள யாரோ நடக்குறாங்க. சரக் சரக்னு."

"குழாய்ல தண்ணி போகுது."

"தண்ணி சரக் சரக்னா போகும்?" என்று கேட்டுவிட்டுத் துப்பினாள்.

டாக்டர் அன்றைக்கு அவள் அறைக்குப் போய்ச் சுவரில் காதை வைத்தார். ஈரச் சுண்ணாம்பின் வாசனையும், அதனடியில் நனைந்த வைக்கோல் மக்குவதுபோல இன்னொரு வாசனையும் வந்தன. சுவரின் குளிர் காதுமடலைக் கடித்தது. வெளியே மழை விழுகிற சத்தம், கூடத்தில் மனைவி அலமாரியைத் திறந்து மூடுகிற சத்தம், தெருவில் ஏதோ வண்டி சேற்றில் சிக்கி உறுமுகிற சத்தம், இவற்றுக்கெல்லாம் உள்ளே, வெகு தூரத்தில், பொடிப் பனியில் பாதம் புதைந்து எழுகிறதுபோல ஏதோ ஒன்று கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. குழாய்தான் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார்.

படத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டது அதற்குப் பிறகுதான். மழையங்கிக்காரன் முதலில் சாலையின் பாதியில், இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவே இருந்ததாக ஞாபகம். இப்போது அவன் பாலத்தின் இந்த முனையில் இருந்தான். சின்னதாக இருந்தான். ஞாபகப் பிசகு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் விற்பதற்கு முன் படக்கடைக்காரர் அனுப்பிய போட்டோ போனில் இருந்தது. அதில் அவன் மரங்களுக்கு நடுவே, கட்டைவிரல் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தான். டாக்டர் போனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றினார். திருப்பினார்.

அந்த முகம் வளர்ந்திருந்தது. ஒட்டு இருந்த சதுரத்தைத் தாண்டிக் காகிதத்தின் பாதிக்குப் பரவியிருந்தது. புருவத்தில் பனித்துகள். கன்னத்தின் தோலில் கோடுகள். வாய் கொஞ்சமாகத் திறந்திருந்தது. பற்கள் தெரிந்தன. வாழ்நாளெல்லாம் பல்லையே பார்த்த மனிதர் அவர். அவை மனிதப் பல்லின் வரிசையில் இல்லை. எல்லாம் ஒரே அளவு. எல்லாம் முன்பல்.

அவர் செய்தது எந்த மனுஷனும் செய்யக்கூடியதுதான். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. சட்டென்று திருப்பிச் சுவரில் மாட்டினார். முகம் சுவர்ப் பக்கம், அழகான பனிச்சாலை தன் பக்கம். முகம் கண்ணில் படாதவரை நிம்மதி.

பசை காய்ச்சினார். ஒட்டிவிடுவதுதான் நல்லது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நல்ல தடித்த காகிதமாகப் பார்த்து வெட்டியும் வைத்தார். ஆனால் பசைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, எங்கேயும் கிடைக்காத ஒன்றைத் தன் கையாலேயே பாழாக்கப் போகிறோமே என்ற எண்ணம் நெஞ்சைப் பிசைந்தது. அதோடு அவன் போய்க்கொண்டல்லவா இருக்கிறான்? பாலத்தைத் தாண்டினால் மலை. தன்னைவிட்டு விலகிப் போகிறவனைப் பார்த்து எதற்குப் பயப்பட வேண்டும்? நாளைக்கு ஒட்டிக்கொள்ளலாம். பசை கிண்ணத்திலேயே ஆடை கட்டியது. மறுநாளும் அதே நியாயத்தைச் சொல்லிக்கொண்டார்.

"இன்னிக்கு ரொம்பக் கிட்ட நடக்குறாங்கப்பா," என்றாள் வாண்டு. அவள் தலையணையைக் கட்டிலின் மறுகோடிக்கு மாற்றிப் போட்டிருந்தாள். டாக்டருக்கு அது உறைக்கவில்லை. காலையில் அவன் பாலத்தைத் தாண்டியிருந்தான், கடுகளவு புள்ளியாக. அந்தச் சந்தோஷத்தில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பகல் முழுக்க விடாமல் பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது. மேகத்தினால் நேரத்துக்கு முன்பே வெளிச்சம் மங்கிவிட்டது. ஜலதோஷம் என்று மதியம் மருந்து குடித்துப் படுத்த வாண்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் தன் அறைக்குள் வந்து, விளக்கைப் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

சாலை காலியாக இருந்தது.

பாலம் காலி. மலையடி காலி. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து அங்குலம் அங்குலமாகத் தேடினார். புள்ளிகூட இல்லை. பனி, மரங்கள், வானம். "போயிட்டான்!" என்று வாய்விட்டே சொன்னார். இத்தனை நாளும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. சிரிப்புகூட வந்தது. ஒரு காகிதத்துக்குப் பயந்து செத்தோமே என்று நாற்காலியில் சாய்ந்தார்.

எங்கே போயிட்டான்?

சிரிப்பு பாதியில் நின்றது. முன்பக்கம் சின்னதாகிக்கொண்டே போனவன், பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தான். இந்தப் பக்கம் விலகுகிறவன் அந்தப் பக்கம் நெருங்குகிறவன். அவன் மலைக்குப் போகவில்லை. ஒரு நாளும் மலைக்குப் போகவில்லை. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில்.

சட்டத்தைப் பிடுங்கி எடுத்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. முகம் இல்லை, கண் இல்லை, கறைகூட இல்லை. சட்டம் இருந்த இடத்தில் சுவர் நனைந்து கறுத்திருந்தது. கையை வைத்தார். சுட்டதுபோல இழுத்துக்கொண்டார். அவ்வளவு குளிர். வைக்கோல் வாசனை. ஈர வைக்கோல்.

"ஏய்!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "வாண்டு ரூமுக்குப் போ! சீக்கிரம் போய்ப் பாரு!"

"என்னங்க, என்ன ஆச்சு?" துணியைப் போட்டுவிட்டு அவள் ஓடுகிற சத்தம். கதவு திறக்கிற சத்தம். பிறகு, சுவர் வழியாக அவள் குரல். "ஜன்னல யாரு திறந்து வெச்சது? தரையெல்லாம் தண்ணி. கட்டில் வரைக்கும் ஈரமா கிடக்கு."

"வாண்டு இருக்காளா?"

"இருக்காளே. தூங்குறா."

"நல்லாப் பாரு!"

"பாத்துட்டுத்தாங்க சொல்றேன். முக்காடு போட்டுகிட்டுச் சுவத்தப் பாத்துச் சுருண்டு கிடக்கா. எதுக்கு இப்படிக் கத்துறீங்க? பிள்ளை பயந்துரும்."

இருக்கிறாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சட்டத்தை மார்போடு அணைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இப்போதே ஒட்டிவிட வேண்டும். ஒட்டி, கிழித்து, எரித்துவிட வேண்டும். ஒரு படமும் வேண்டாம். என் பிள்ளை போதும். படத்தை மடியில் சாய்த்தார். முன்பக்கம் மேலே இருந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளி.

மஞ்சள் புள்ளி.

அந்தப் படத்தில் மஞ்சளே கிடையாது. உருப்பெருக்கியைத் தேடினார். மேஜைக்கடியில் உருண்டு கிடந்தது. தவழ்ந்து போய் எடுத்தார். கண்ணாடியின் மேல் வைத்தார். மூச்சு பட்டு மறைத்தது. சட்டையால் துடைத்தார். மறுபடி வைத்தார்.

மஞ்சள் கவுன். வெறுங்கால். கணுக்கால்வரை பனி. இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி. முதுகு இல்லை. முகம். அவரைப் பார்த்து. அரிசி மணியளவு முகம். வாய் முழுக்கத் திறந்திருந்தது. கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை. போன வாரம் அவரே பிடுங்கிய பால்பல்.

அசையவில்லை. அவளுக்கும் அவருக்கும் நடுவே அவ்வளவு நீளச் சாலை. அவளுக்குப் பின்னால் சின்னச் சின்னக் காலடிகள் மட்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. மனைவி விளிம்பில் உட்காருகிறாள்.

"ஐயோ, உடம்பு என்ன இப்படி ஜில்லுனு கிடக்கு? கண்ணு... அம்மாவப் பாரு. எந்திரிடா தங்கம்."

தொடாதே. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. தொடாதே. தொடாதே. எழுந்து ஓட வேண்டும். மடியில் படம். மடியில் வாண்டு. கீழே வைக்க முடியவில்லை. கீழே எப்படி வைப்பது?

"உம்... உம்... முழிச்சுகிட்டியா?" மனைவியின் குரல் கனிந்தது. சுவர் வழியாக, தெளிவாக, பிரியமாக அவருக்குச் சொன்னது. "ஒண்ணும் இல்லைங்க. இதோ, என் பக்கமாத் திரும்புறா."